பின்னால் வரும் கால்

விழுந்து எழுந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எதுல தடுக்கி விழுந்தீங்க?" குண்டு விழுந்த பள்ளம், முள்கம்பி, ராணுவ லாரி என்று ஏதாவது சொன்னால் கேட்கிறவர்களுக்கும் திருப்தி, எனக்கும் கௌரவம். நான் தடுக்கியது என் வீட்டு நிலைப்படியில். கல்யாணமான நாள் முதல் தாண்டிக்கொண்டிருக்கும் ஒரு சாண் உயரப் பலகை. அதைச் சொன்னதும் "அட, இவ்வளவுதானா" என்று ஒரு முகம் காட்டுவார்கள் பாருங்கள், அதற்காகவே நடந்ததை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவது எனக்கு ஆகாத வேலை. நடுநடுவே எழுந்து வாசல்வரை போய் வந்துதான் எழுத முடியும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் கொசு எண்ணெய் ஓவர்சியராக இருந்தவன். வெள்ளைக்காரன் காலத்தில் மலாக்கா டவுன் சாக்கடைகளில், லோங்காங் என்று ஊரில் சொல்வோமே, அவற்றில் எண்ணெய் தெளிக்கும் ஆட்களை மேய்ப்பது என் வேலை. காஜா பேராங்குப் பகுதியில் நான் தாண்டாத லோங்காங் கிடையாது. பாலம் எங்கே என்று தேடிப்போகிற பழக்கமே இல்லை. ஓர் எட்டு வைத்தால் அந்தப் பக்கம். ஆட்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள்.

நான் குடியிருப்பது என் மனைவி நாகாம்மாவின் வீட்டில். அவள் கம்போங் செட்டிக்காரி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வழி வந்தவள். எங்கள் சாமிகள்தான் அவர்களுக்கும், ஆனால் தமிழ் வராது. அவளுடைய மலாய்க்கு நடுவில் அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் வரும். இத்தனை வருஷத்தில் என் மலாய் திருந்தவும் இல்லை, அவள் தமிழ் வளரவும் இல்லை. சண்டை போடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. அவள் சொன்னதையெல்லாம் நான் தமிழாக்கித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் வீட்டு நிலைப்படி சிமெண்டுக் கட்டு அல்ல. வாசற்கால் இரண்டிலும் பள்ளம் வெட்டி, அதில் மேலிருந்து இறக்கிய கருத்த மரப்பலகை. அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தது என்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். அதன்மேல் உட்காரக் கூடாது, நிற்கக் கூடாது, கால் படக் கூடாது. புது மாப்பிள்ளையாக வந்த அன்று நான் தெரியாமல் அதை மிதித்துவிட்டேன். மாமியார் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பலகையைக் கழுவிவிட்டு, என்னை மறுபடி வெளியே அனுப்பி, வலது காலை எடுத்து வைத்துத் தாண்டி வரச் சொன்னாள். அன்றிலிருந்து தாண்டினேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் என் நடை மாறியது. முதலில் கண்டுபிடித்தது நாகாம்மாதான். "உங்க செருப்புச் சத்தம் வேற மாதிரி கேக்குது. முன்னெல்லாம் தட்டும், இப்போ தேய்க்குது" என்றாள். செருப்பு பழசு என்றேன். பிறகு முச்சந்தியில் ஜப்பானியக் காவல்காரனுக்குக் குனிந்து வணக்கம் வைத்து நிமிரும்போதெல்லாம் தெரு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. ஒரு நாள் நிமிர்ந்த வேகத்தில் இரண்டடி தள்ளாடி அவன் மேலேயே போய் மோதினேன். குடித்திருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, கன்னத்தில் ஒன்று வைத்தான். அடியைவிட, நான் ஏன் தள்ளாடினேன் என்பதுதான் என்னை அரித்தது. வீட்டில் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம், மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வாசலுக்கு வந்தேன். வலது கால் பலகையைத் தாண்டி உள்ளே போனது. இடது கால் வரவில்லை. விரல் பலகையில் மாட்ட, மூட்டைக்கு முன்னால் நான் விழுந்தேன். நாகாம்மா அடுப்படியிலிருந்து "ஜாத்தோ, ஜாத்தோ" என்று கூவிக்கொண்டு ஓடி வந்தாள். விழுந்துவிட்டான் என்று அர்த்தம். இடது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவள் தம்பி வேலுதான் மாட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எழுந்து நடக்க வேண்டும்போல் இருக்கிறது. பெஞ்சு நிறைய ஜனம். எல்லார் காலும் ஊதியிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவனைக் கூப்பிட்டபோது அவன் எழுந்திருக்க முடியாமல் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான். நான் அப்படி இல்லை, எனக்கு முழங்கால் அடி மட்டும்தான் என்று வேலுவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

டாக்டர் சிவகுரு யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் என் மகன் மாதிரி. முழங்கால் சில்லில் விரிசல் என்று சொல்லிக் கட்டை வைத்துக் கட்டினார். மாவுக்கட்டுப் போட மாவு இல்லை. அதோடு விடவில்லை. வலது கால் முன்னெலும்பில் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ரப்பர்ச் சுத்தியலால் நல்ல முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் தானாக உதைக்க வேண்டுமாம். என் கால் கேட்காத மாதிரி தொங்கியது.

"கண்ணை மூடுங்கோ ஐயா. காலிலை பஞ்சு படேக்கை சொல்லுங்கோ."

நான் மூடிக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் பொறுக்காமல், "எப்பத் தொடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நாலு தரம் தொட்டிட்டன்" என்றார்.

கண்ணைத் திறந்து காலைக் குனிந்து பார்த்தேன். முழங்கால் வலியில்கூட அவ்வளவு பயம் வரவில்லை.

அவர் விளக்கினார். பாதி பெரிபெரி, பாதி வயது. அரிசியின் தோலில் ஒரு சத்து இருக்கிறதாம். கிழங்கும் புழுத்த அரிசியும் தின்றால் அது உடம்பில் வற்றிப் போகும். முதலில் காலுக்குப் போகும் நரம்பு சோர்ந்து, பாதம் மேலே தூக்காது, நுனி தொங்கும். "அதுக்குத் தவிடு இருக்கு. மூண்டு வேளையும் தின்னுங்கோ. வயசுக்கு என்னட்டை மருந்தில்லை."

"வயசு என்னா செஞ்சிச்சு? நான் லோங்காங் தாண்டின ஆளு."

"அப்ப வழியிலை ஒரு கல் கிடந்தா ரெண்டு எட்டு முந்தியே உங்கட கண் கண்டிடும். கால் தன்ரபாட்டிலை அடியை நீட்டிக் குறைச்சுக்கொண்டு வந்து சேரும். நீங்கள் யோசிக்கிறதே இல்லை. வயசு போனா அந்தக் கணக்குப் பிந்தும். கல்லுக்குக் கிட்ட வந்து நிண்டு, குனிஞ்சு பாத்து, பிறகுதான் காலைத் தூக்குவியள். முன்னாலை போற கால் தப்பிடும், அதைக் கண் பாக்குது. பின்னாலை வாற காலை ஆர் பாக்கிறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் காதர் பாய் இருந்தார். பெண்டஹாரா சாலையில் மளிகைக்கடை, எனக்குப் பழைய சிநேகம். அவருக்கும் பெரிபெரிதான், ஆனால் நீர் கால் தாண்டி வயிறுவரை ஏறிவிட்டது. என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே, "வாங்க ஓவர்சியரே. ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க, காஜா பேராங்கு ஆனையும் வந்து சேந்துருச்சு" என்றார். மலாயில் காஜா என்றால் யானை. சிரித்தேன். ஆஸ்பத்திரியில் நான் சிரித்ததெல்லாம் அவரால்தான்.

இரவுகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. விளக்கு கிடையாது, வலைகள் கிழிந்தவை. சாக்கடைகளில் எண்ணெய் தெளிக்க ஆளில்லாததால், நான் காலமெல்லாம் கொன்ற கொசுக்களின் பேரப்பிள்ளைகள் படைபடையாக வந்து பழி தீர்த்தன. கட்டை வைத்துக் கட்டிய காலை நீட்டியபடி, புரளவும் முடியாமல் கிடப்பேன். இனி நடக்கவே மாட்டோமோ என்ற நினைப்பு ஒன்று வரும். அதை விரட்டக் கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பேன். காதர் பாய் இருட்டிலிருந்து, "தாளம் நல்லா இருக்கு, பாட்டைக் காணோமே" என்பார்.

நாகாம்மா தினம் வந்தாள். தவிட்டை வறுத்து, குலா மெலாக்கா வெல்லம் கிடைத்த நாளில் அதில் பிசைந்து உருண்டை பிடித்துக் கொண்டுவருவாள். வெல்லம் கிடைக்காத நாளில் உப்பு. காதர் பாய்க்கும் இரண்டு இருக்கும். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை ஆஸ்பத்திரியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் தன் மரத்துத் தேங்காயில் எண்ணெய் காய்ச்சி, கட்டுப் போடும் டிரசரிடம் கொடுத்தாள். எனக்குச் சுத்தமான கட்டுத்துணி கிடைத்தது அதனால்தான்.

கட்டை அவிழ்த்த அன்று நான் ஓடலாம் என்று எழுந்தேன். நிற்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. டாக்டர் நாகாம்மாவைக் கூப்பிட்டு, அவளுக்குப் புரியும் மலாயில், வீட்டு நிலைப்படி எவ்வளவு உயரம் என்று கேட்டார். அதே உயரத்தில் ஒரு பலகை கொண்டுவந்தால் இங்கேயே தாண்டிப் பழகலாம், விரல் அடிபடாமல் சாக்குச் சுற்றித் தைத்துக் கொண்டுவா என்றார்.

மறுநாள் வேலு தோளில் தூக்கி வந்தான். பழைய கோணிச் சாக்கு சுற்றி நெருக்கமாகத் தைத்திருந்தது. ஊரில் பலகை என்பதே கிடையாது. கிடைத்த மரத்தையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டு, பிணப்பெட்டிக்குக்கூட இல்லாத காலம்.

"பலகை ஏது?" என்று கேட்டேன்.

"ஆடா லா" என்றாள். இருந்தது என்று அர்த்தம். மேலே கேட்டால் மூக்கைச் சுளித்துக்கொள்வாள், எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.

இரண்டு செங்கல்லுக்கு நடுவே பலகையை நிறுத்தி வைப்பார்கள். நான் வலது காலைத் தூக்கி வைப்பேன். இடது கால் வந்து பலகையை இடிக்கும். தினமும் இதே கதை. "இடது காலை முன்னாலை விடுங்கோ ஐயா" என்றார் டாக்டர். "பலவீனமான கால் அது. முன்னாலை போனாக் கண் பாத்துக்கொள்ளும். மற்றது பார்வை இல்லாமலே வந்திடும்." நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் வைக்கிற முதல் கால் வலது கால். இடது காலை முன்னால் வைத்து நான் சாவு வீட்டுக்குள்கூடப் போனதில்லை. டாக்டர் படித்தவர், அவருக்கு இது வெறும் பலகை. எனக்கு அது வாசல்.

ஒரு நாள் நாகாம்மா அவித்த வாத்து முட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டு வாத்து நம் கட்டிலடியில் இட்டதாம்.

"வாத்தா? நிலைப்படியைத் தாண்டியா உள்ள வந்திச்சு?"

"வாத்துக்குக் கால் இல்லையா" என்று சொல்லிவிட்டு முட்டையை உரிக்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. வாத்துக்கு முடிகிறது, ஓவர்சியருக்கு முடியவில்லை என்று குத்திக்காட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். முட்டையைத் தின்னாமல் காதர் பாயிடம் நீட்டினேன். அன்று அந்தப் பலகையோடு மல்லுக்கு நின்றேன். மூன்று முறையும் இடித்தது. கடைசியில் வீம்பு முற்றி, பலகை மேலேயே ஏறி நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் மிதித்து, "இது என்ன நிலைப்படியா, மிதிச்சா என்ன?" என்று கத்தினேன். நாகாம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

அந்த வாரம்தான் டாக்டர் கட்டிலருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். வார்டில் பாதி ராணுவத்துக்கு வேண்டுமாம். தானாக நடந்து, படி தாண்டுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பலாம். முடியாதவர்களை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். வீட்டில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொன்னாலும் விடுவதில்லையாம். அங்கே டாக்டர் உண்டா என்று கேட்டேன். அவர் என் போர்வையைச் சரி செய்தார்.

அந்தக் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தவர் யாரையும் யாருக்கும் தெரியாது. பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

காதர் பாய்தான் பேசினார். "ஓவர்சியரே, ரெண்டு காலும் ஒங்களோடதுதானே? எதை மொதல்ல அனுப்புனா என்னா?"

"வாசல்ல இடது காலை வைக்கறதா?"

"வீட்டுக்குப் போறது நீங்க. காலு இல்ல. போற வழிய பாருங்க."

இதை அவர் எழுந்து உட்கார முடியாமல் படுத்தபடி சொன்னார். அதற்கு மேல் எனக்கு வீம்பு பிடிக்க முகம் இல்லை. எழுந்தேன். இடது காலைத் தூக்கினேன். அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. மெல்ல, பலகைக்கு அந்தப் பக்கம் இறக்கினேன். வலது கால் பழைய ஞாபகத்தில் தானே வந்தது. இடிக்கவில்லை. இன்னொரு தடவை செய்தேன். அன்று மாலைவரை அதையே செய்துகொண்டிருந்தேன். "போதும் ஆனையே, தலை சுத்துது" என்றார் பாய்.

சோதனை நாளில் ஒரு ஜப்பானிய அதிகாரி வாசலில் நின்று பார்க்க, நான் வார்டின் ஒரு கோடியிலிருந்து நடந்து, நடுவில் நிறுத்தியிருந்த பலகையைத் தாண்டி, மறுகோடிக்குப் போனேன். அவர் விரலால் கதவைக் காட்டினார். வீடு.

காதர் பாயை ஸ்ட்ரெச்சரில் லாரிக்குக் கொண்டுபோனார்கள். நான் கூடவே வாசல்வரை நடந்தேன். "கடைப் பூட்டு சரியா இருக்கான்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். சரி என்றேன். போன வாரம் போய்ப் பார்த்தேன். பூட்டு சரியாகத்தான் இருக்கிறது. சொல்லத்தான் ஆள் இல்லை. கொட்டகையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்கு அதை நினைத்தால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை.

என்னைக் கூட்டிப்போக நாகாம்மா பேச்சா வண்டியோடு வந்தாள். மூன்று சக்கரம், இரண்டு பேர் உட்காரலாம். பலகையை விட்டுவிட்டு வா, பாரம் என்றேன். அவள் கேட்காமல் அதைத் தூக்கி என் மடியில் குறுக்கே வைத்துவிட்டு ஏறினாள். முச்சந்தியில் இறங்கிக் காவல்காரனுக்குக் குனிந்தோம். நிமிரும்போது நான் சாயாமல் இருக்க, அவள் பின்னாலிருந்து என் பனியனை இறுகப் பிடித்திருந்தாள். அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் மாவிலை புதிதாகக் கட்டியிருந்தது. வேலு உள்ளே நின்றிருந்தான். நான் வண்டியில் இருந்தபடியே கீழே பார்த்தேன். நிலைப்படி இல்லை. வாசற்கால் இரண்டிலும் இருந்த பள்ளம், பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெறுமையாக இருந்தது. பக்கத்து வீட்டு வாத்து எனக்கு முன்னால் சாவகாசமாக உள்ளே நடந்து போனது.

மடியில் இருந்த சாக்கைத் தொட்டேன். மூலையில் தையலை நகத்தால் பிரித்தேன். உள்ளே மஞ்சள், பொங்கலுக்குப் பொங்கல் பூசிப் படிந்த மஞ்சள்.

"நான் மிதிச்சேன். நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன" என்றேன்.

"பாக்கல" என்றாள். "ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க தாண்டியிருக்க மாட்டீங்க. பயந்திருப்பீங்க." பிறகு, "ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினா போச்சு. அம்மா ஊத்தலையா?" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவில் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

வேலு பலகையை வாங்கிக்கொண்டு, திரும்ப மாட்டுவதா என்று அக்காவைக் கேட்டான். வேண்டாம், இப்படியே இருக்கட்டும், அவர் நடமாடுவதுதான் முக்கியம் என்றாள். வாத்து வந்தால் வரட்டுமாம். மாட்டு என்றேன் நான். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் மாட்டினான். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினாள்.

நான் பலகைக்கு முன்னால் வந்து நின்றேன். "இடது காலைத்தான் முன்னால வைக்க முடியும், நாகாம்மா" என்றேன்.

அவள் உள்ளே போய் எனக்கு எதிரே நின்றுகொண்டாள். "வைங்க" என்றாள். "இந்தத் தடவை நான் திரும்பிக்க மாட்டேன்."

இடது காலைத் தூக்கினேன். அது போவதை நான் பார்த்தேன். பின்னால் வந்த காலை அவள் பார்த்துக்கொண்டாள்.